முழுத்திரைக்கு மேலே ஒரு குட்டி யன்னல்: மணிக்கூடு மறையாமல் இருக்க என்ன செய்யலாம்?

கொக்குவில் பக்கம் ஒரு ரியூசன் கொட்டில். தகரக் கூரை, இரண்டு பக்கமும் அரைச்சுவர், முன்சுவரில் புரொஜெக்டர் வெளிச்சம். உயர்தரப் பௌதிகவியல் முதலாம் வினாத்தாளில் 50 கேள்வி, அதற்கு இரண்டு மணித்தியாலம். பிரித்துப் பார்த்தால் ஒரு கேள்விக்கு 2 நிமிடமும் 24 செக்கனும்தான். சேர் பழைய வினாத்தாளை முழுத்திரையில் போட்டுவிட்டு, அதன் மூலையில் நேரம் குறைந்துகொண்டு வரவேணும் என்றார்.

"சுவரில மணிக்கூடு தொங்குதே சேர்" என்றேன்.

"அது இப்ப எத்தினை மணி எண்டு சொல்லும். பெடியளுக்குத் தெரிய வேண்டியது இன்னும் எவ்வளவு மிச்சம் எண்டது."

நியாயம்தான். ஆனால் நேரங்காட்டியைத் திறந்து ஓடவிட்டு, வினாத்தாளை முழுத்திரையாக்கிய உடனே நேரங்காட்டி பின்னால் ஒளிந்துவிடும். அதை முன்னுக்குக் கொண்டுவந்தால் முழுத்திரை குலையும். புதிதாக இதைச் செய்கிற எல்லாரும் வந்து நிற்கிற சந்தி இதுதான்.

நான் அன்றைக்குச் செய்த முதல் பிழை, எதையும் யோசிக்காமல் இலவச மென்பொருள் தேடப் போனது. ஏதோ ஒரு தளத்தில் இருந்து ஒன்றை இறக்கிப் போட்டேன். மணிக்கூடு வந்தது, கூடவே விளம்பரங்களும் வந்தன. சேரின் லப்டொப்பைத் துப்புரவாக்க ஒரு பின்னேரம் முழுக்கப் போனது. தேவையானது விண்டோஸுக்கு உள்ளேயே சும்மா கிடந்தது என்று பேந்துதான் தெரிந்தது.

எந்த முழுத்திரை என்று முதலில் பாருங்கள்

நூல்களில் சாளரம் என்று எழுதுவார்கள். நான் வீட்டில் சொல்வதுபோல யன்னல் என்றே எழுதுகிறேன்.

கணினித் திரையை ஒரு மேசை என்று வையுங்கள். திறந்த ஒவ்வொரு யன்னலும் அதில் வைத்த ஒரு கடதாசி. நீங்கள் எதைத் தொடுகிறீர்களோ அது மேலே வரும், மற்றவை கீழே போகும். விண்டோஸில் இந்த அடுக்கு இரண்டு தட்டாக இருக்கிறது. சாதாரண யன்னல்கள் கீழ்த்தட்டு. "எப்போதும் மேலே" என்று குறி வைத்த யன்னல்கள் மேல்தட்டு. நிரல் எழுதுகிறவர்கள் அந்தக் குறியை ரொப்மோஸ்ட் என்பார்கள். கீழ்த்தட்டில் எதைத் தொட்டு வேலை செய்தாலும் மேல்தட்டுக் கடதாசி மேலேயே இருக்கும்.

உலாவியில் எப் 11 அழுத்தி வருகிற முழுத்திரை, பிடிஎப் வாசிப்பானின் முழுத்திரை, பவர்பொயின்ற் காட்சி, விஎல்சியில் படம் பார்ப்பது எல்லாமே வெறும் பெரிய கடதாசிகள். விளிம்பையும் தலைப்பட்டையையும் கழற்றிவிட்டு மேசை முழுவதையும் மூடுகிற அளவுக்கு விரித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். மேல்தட்டில் ஒரு துண்டு வைத்தால் தெரியும்.

இன்னொரு வகை பழைய விளையாட்டுகளில் இருக்கிறது. அவை திரையைத் தனியாகக் குத்தகைக்கு எடுத்துவிடும். யன்னல்களை அடுக்கிச் சேர்த்துப் படமாக்கும் விண்டோஸின் வேலை அந்த நேரத்தில் ஒதுங்கி நிற்க, விளையாட்டு நேரே திரைக்குப் படம் அனுப்பும். மேசையையே தூக்கி வெளியில் வைத்த கணக்கு. மேசையில் எத்தனை கடதாசி அடுக்கினாலும் பார்க்கிறவருக்குத் தெரியாது.

எது எந்த வகை என்று கண்டுபிடிக்க இரண்டு சோதனை போதும்.

1. நிரலை முழுத்திரையில் வைத்துக்கொண்டு கீபோர்ட்டில் சத்தத்தைக் கூட்டும் விசையை அழுத்துங்கள். விண்டோஸின் சத்தப் பட்டை அதன் மேல் தெரிந்தால் அது பெரிய கடதாசி வகை. சத்தம் கூடியும் பட்டை தெரியாவிட்டால் குத்தகை வகை என்று சந்தேகியுங்கள்.

2. ஓல்ட் விசையைப் பிடித்தபடி ரப் அழுத்துங்கள். வேறு யன்னல் உடனே வழுக்கிக்கொண்டு வந்தால் நல்லது. திரை ஒரு கணம் கறுத்து, கண் சிமிட்டினதுபோலப் போய் வந்தால் குத்தகை வகை.

இந்தச் சோதனை முடியாமல் எந்த மென்பொருளையும் தேடாதீர்கள். முதல் வகைக்குப் பெரும்பாலும் ஒன்றும் புதிதாக நிறுவத் தேவையில்லை. இரண்டாம் வகைக்கு சாதாரண மென்பொருள் எதைப் போட்டாலும் சரிவராது.

உள்ளேயே இருக்கிற வழி

விண்டோஸ் 11 இல் குளொக் என்ற செயலி இருக்கிறது. விண்டோஸ் 10 இல் அதன் பெயர் அலார்ம்ஸ் அண்ட் குளொக்.

1. ஸ்ரார்ட் பட்டனை அழுத்தி குளொக் என்று ஆங்கிலத்தில் தட்டச்சுச் செய்து திறக்கவும்.
2. இடப்பக்கம் ரைமர் என்பதைத் தெரிந்து, கூட்டல் குறியை அழுத்தி 2 மணித்தியாலம் என்று வைத்துச் சேமிக்கவும்.
3. அந்த நேரங்காட்டியின் மேல் மூலையில் சின்னச் சின்னப் படக்குறிகள் இருக்கும். மவுஸைக் கொண்டுபோய் வைத்தால் ஒன்றில் "கீப் ஒன் ரொப்" என்று எழுத்து வரும். அதை அழுத்தினால் நேரங்காட்டி சுருங்கி ஒரு குட்டி யன்னலாகும்.
4. அதை மூலைக்கு இழுத்து வையுங்கள். பிறகு ஓட்டத்தைத் தொடக்குங்கள்.

கல்குலேட்டரிலும் இதே குறி இருக்கிறது, "ஸ்ரான்டர்ட்" என்ற சொல்லுக்குப் பக்கத்தில். கணக்கு வகுப்புகளுக்கு அது உதவும். விஎல்சியில் வீடியோ என்ற பட்டியலுக்குள் "ஓல்வேய்ஸ் ஒன் ரொப்" இருக்கிறது. யூரியூப் காணொளியைக் குரோமில் மிதக்கவிட வேண்டுமென்றால் காணொளியின் மேல் இரண்டு தரம் வலச்சொடுக்குச் செய்யுங்கள். முதல் தரம் யூரியூப்பின் பட்டியல் வரும், இரண்டாம் தரம் உலாவியின் பட்டியல் வரும், அதில் "பிக்சர் இன் பிக்சர்" இருக்கும்.

ஒழுங்கு ஒன்றை மட்டும் கவனியுங்கள்: முதலில் வினாத்தாளை முழுத்திரையாக்கி, அதன் பிறகு மணிக்கூட்டை மேலே வைக்கவும். மேல்தட்டுக்குள் இரண்டு யன்னல் இருந்தால் கடைசியாக மேலே வந்ததுதான் மற்றதை மறைக்கும். ஆகவே மறைந்துபோனால் பயப்படத் தேவையில்லை, குறியை எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டால் வந்துவிடும்.

குட்டி யன்னலின் குறை, அதை ஓரளவுக்கு மேல் பெருப்பிக்க முடியாது. கடைசி வாங்கில் இருக்கிற பெடியனுக்கு இலக்கம் தெரியாது. நாங்கள் அடுத்த வழிக்குப் போனது இதனால்தான்.

பவர்ரோய்ஸ்: எந்த யன்னலையும் ஆணி அடிக்க

பவர்ரோய்ஸ் மைக்ரோசொப்ட் தானே வெளியிடும் இலவசக் கருவித் தொகுப்பு. மைக்ரோசொப்ட் ஸ்ரோரில் இருந்தே எடுக்கலாம், வேறு தளங்களுக்குப் போகாதீர்கள் (நான் பட்டது காணும்). விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ஓடும். 2022 இல் அதற்குள் "ஓல்வேய்ஸ் ஒன் ரொப்" என்ற ஒரு வசதியைச் சேர்த்தார்கள். எங்களுக்கு வேண்டியது அது மட்டும்தான். கோப்பு கொஞ்சம் பெரிது. கைபேசி டேற்றாவில் இறக்காமல் வைபை உள்ள இடத்தில் இறக்கினால் நல்லது.

நிறுவியதும் மேலே வைக்க விரும்பும் யன்னலை ஒரு தரம் தொட்டுவிட்டு, விண்டோஸ் விசை, கொன்ட்ரோல், ரி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். யன்னலைச் சுற்றி ஒரு நிறக்கோடு வரும். கோடு வந்தால் ஆணி அடித்தாயிற்று. அதே மூன்று விசையைத் திரும்ப அழுத்தினால் ஆணி கழன்றுவிடும். குளொக் செயலியின் பெரிய யன்னல், நோட்பாட், உலாவி, எதுவாக இருந்தாலும் இப்படி வைக்கலாம்.

புரொஜெக்டரில் அந்த நிறக்கோடு கண்ணைக் குத்தும். பவர்ரோய்ஸின் அமைப்புக்குள் போய் "ஓல்வேய்ஸ் ஒன் ரொப்" பக்கத்தில் யன்னலைச் சுற்றிக் கோடு காட்டும் தெரிவை நிறுத்திவிடலாம். ஆனால் பழகும் வரைக்கும் விட்டுவையுங்கள். கோடு இல்லாவிட்டால் ஆணி அடித்ததா இல்லையா என்று புதியவருக்கு விளங்காது.

மூன்று விசையை அழுத்தியும் ஒன்றும் நடக்கவில்லையா? இரண்டு காரணம் இருக்கலாம். நீங்கள் ஆணி அடிக்கப் பார்க்கிற நிரல் நிர்வாகி அனுமதியோடு ஓடுகிறது, பவர்ரோய்ஸ் அப்படி ஓடவில்லை. அப்போது பவர்ரோய்ஸையும் நிர்வாகியாக ஓடவிட வேண்டும். இல்லாவிட்டால் அதே அமைப்புப் பக்கத்தில் "கேம் மோட்" நேரத்தில் வேலை செய்யாதே என்ற தெரிவு போட்டிருக்கும்.

பூட்டுத் திரை, கொன்ட்ரோல்-ஓல்ட்-டிலீற் அழுத்தினால் வரும் திரை, நிர்வாகி அனுமதி கேட்டுத் திரை மங்கும் அந்தக் கணம் ஆகியவற்றின் மேல் எந்த ஆணியும் நிற்காது. அவை வேறு ஒரு மேசை. கடவுச்சொல் கேட்கிற இடத்தின் மேல் யாரும் போலி யன்னல் வைக்கக்கூடாது என்றுதான் அப்படி வைத்திருக்கிறார்கள்.

புரொஜெக்டரில் படுகிற பாடு

எல்லாம் சரியாகச் செய்தும் மணிக்கூடு லப்டொப்பில் மட்டும் தெரிந்து சுவரில் தெரியாத நாள் ஒன்று எங்களுக்கு வந்தது. காரணம் விண்டோஸ் விசையோடு பி அழுத்தினால் வரும் பட்டியலில் இருந்தது. அதில் "டூப்ளிக்கேற்" என்றிருந்தால் லப்டொப்பில் தெரிவதெல்லாம் சுவரிலும் தெரியும். "எக்ஸ்டென்ட்" என்றிருந்தால் சுவர் தனி மேசை; மணிக்கூட்டையும் அந்த மேசைக்கு அனுப்ப வேண்டும். மணிக்கூட்டைத் தொட்டுவிட்டு விண்டோஸ் விசை, ஷிப்ட், வலது அல்லது இடது அம்பு அழுத்தினால் அது மற்றத் திரைக்குப் பாயும்.

சேர் "டூப்ளிக்கேற்"தான் சுகம் என்பார். எனக்கு "எக்ஸ்டென்ட்" பிடிக்கும். விடைத்தாளை லப்டொப்பில் வைத்துக்கொண்டு கேள்வியைச் சுவரில் காட்டலாம், பிள்ளைகள் விடையைப் பார்த்துவிடுவார்கள் என்ற பயமில்லை. ஆனால் அதற்குக் கொஞ்சம் பழக்கம் வேண்டும்.

பவர்பொயின்ற் காட்சியில் இன்னொரு கரைச்சல். மணிக்கூட்டை நிறுத்த அல்லது நகர்த்த அதைத் தொட்டவுடன் கீபோர்ட்டும் கையில் இருக்கிற ரிமோட்டும் மணிக்கூட்டோடுதான் கதைக்கும். அடுத்த பக்கம் போகாது. திரும்பக் காட்சியில் சொடுக்கினால் கதைக்கும், ஆனால் அந்தச் சொடுக்கே ஒரு பக்கம் முன்னுக்குத் தள்ளிவிடும். ஓல்ட்-ரப் மூலம் திரும்புங்கள், பக்கம் நகராது. இதெல்லாம் வேண்டாமென்றால் பவர்பொயின்றில் "செற் அப் ஸ்லைட் ஷோ" என்ற இடத்துக்குப் போய், காட்சியை ஒரு யன்னலுக்குள் ஓடவிடும் தெரிவை எடுங்கள். முழுத்திரை என்ற பிரச்சினையே எழும்பாது.

சூமில் பிள்ளைகளுக்கு ஏன் தெரியவில்லை?

சூம் வகுப்பில் சேரின் திரையில் மணிக்கூடு வடிவாக நிற்கும். பிள்ளைகள் "சேர், ரைமர் தெரியேல்லை" என்பார்கள். "ஷெயார்" அழுத்தும்போது பவர்பொயின்ற் யன்னலை மட்டும் தெரிந்திருப்பார். அப்படிப் பகிர்ந்தால் அந்த ஒரு கடதாசி மட்டும்தான் போகும்; மேலே வைத்த துண்டு போகாது. பட்டியலில் "ஸ்க்ரீன்" என்று முழுத்திரையையும் பகிரும் தெரிவு முதலில் இருக்கும், அதை எடுக்க வேண்டும். முழுத்திரையையும் பகிர்ந்தால் வட்ஸ்அப் அறிவித்தல்களும் சேர்ந்தே போகும். வகுப்புக்கு முன் அவற்றை நிறுத்தி வையுங்கள். வீட்டில் இருந்து "வரேக்க பாண் வாங்கிக்கொண்டு வாங்கோ" என்று வந்த செய்தியை 60 பிள்ளைகள் வாசித்த நாளை சேர் இன்னும் மறக்கவில்லை.

இதே விதி திரையைப் பதிவு செய்யவும் நேரலை விடவும் ஓபிஎஸ் என்ற மென்பொருளைப் பாவிக்கிறவர்களுக்கும் பொருந்தும். "விண்டோ கப்சர்" ஒரு யன்னலை மட்டும் எடுக்கும், "டிஸ்பிளே கப்சர்" மேசை முழுவதையும் எடுக்கும்.

ஆனால் நேரலை செய்கிறவர்களுக்கு நான் சொல்வது வேறு. நல்லூர்த் திருவிழா 25 நாளும் நேரலை விடுகிற பெடியள் எழுத்துப் பட்டையை டெஸ்க்ரொப்பில் மிதக்கவிட்டுப் படம் பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன். தேவையில்லாத வேலை. எழுத்து பார்வையாளருக்குத் தெரிந்தால் போதும், உங்கள் திரையில் தெரிய வேண்டியதில்லை. ஓபிஎஸ்ஸின் "சோர்ஸஸ்" பெட்டியில் கூட்டல் குறியை அழுத்தி எழுத்து மூலம் ஒன்றைச் சேருங்கள், பட்டியலில் காணொளிக்கு மேலே இழுத்து வையுங்கள். எழுத்துருவாக நிர்மலா போன்ற தமிழ் எழுத்துரு ஒன்றைத் தெரியுங்கள். எழுத்தை ஒரு கோப்பில் இருந்து வாசிக்கும் தெரிவும் அங்கேயே இருக்கிறது. நோட்பாட்டில் "இன்று மஞ்சம்" என்று மாற்றிச் சேமித்தால் நேரலையிலும் மாறும். கோப்பை யூரிஎப்-8 முறையில் சேமிக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் தமிழ் குழம்பும்.

விளையாட்டுக்கு மேலே

மருமகன் ஒருநாள் வந்து, "மாமா, கேமுக்கு மேல யூரியூப் ஓடவேணும், உங்கட ஆணி பிடிக்குதில்லை" என்றான். சோதனை செய்தோம்: சத்தப் பட்டை தெரியவில்லை, ஓல்ட்-ரப்பில் திரை கறுத்தது. குத்தகை வகை.

அந்த வகையில் முதலில் செய்ய வேண்டியது விளையாட்டின் படக்காட்சி அமைப்புக்குள் போய் "டிஸ்பிளே மோட்" என்பதைப் பார்ப்பது. "புல்ஸ்க்ரீன்", "விண்டோட்", "போர்டர்லெஸ்" என்று மூன்று இருக்கும். போர்டர்லெஸ் என்றால் விளிம்பில்லாத யன்னல், அதாவது எங்கள் பெரிய கடதாசி. அதை எடுத்ததும் ஆணி பிடித்தது. வேகம் குறையும் என்று மருமகன் முறைத்தான். பழைய கணினிகளில் கொஞ்சம் குறையத்தான் செய்யும். ஆனால் விண்டோஸ் 10 தொடக்கம் "புல்ஸ்க்ரீன் ஒப்ரிமைசேஷன்ஸ்" என்று ஒன்று இருக்கிறது. விளையாட்டு தான் திரையைக் குத்தகைக்கு எடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கும், விண்டோஸோ அதை விளிம்பில்லாத யன்னலாகவே, ஆனால் வேகம் குறையாத வழியில், காட்டிக்கொண்டிருக்கும். யாராவது பழைய ஆலோசனை ஒன்றைக் கேட்டு விளையாட்டின் கோப்பில் வலச்சொடுக்கி, "ப்ரொப்பர்ட்டீஸ்", "கொம்பற்றிபிலிட்டி" என்று போய் அதை நிறுத்தி வைத்திருந்தால், அந்தச் சரிக்குறியை எடுத்துவிடுங்கள்.

போர்டர்லெஸ் தெரிவே இல்லாத விளையாட்டென்றால் ஓல்ட்டோடு என்ரர் அழுத்திப் பாருங்கள். பலதில் அது யன்னலுக்கு மாற்றும்.

விண்டோஸ் விசையோடு ஜி அழுத்தினால் வரும் கேம் பார் இன்னொரு வழி. அதில் உள்ள சின்னப் பெட்டிகளில் ஆணிக் குறி இருக்கும். ஆணி அடித்தால் கேம் பாரை மூடினாலும் பெட்டி விளையாட்டின் மேல் நிற்கும். ஒளிபுகுமாறு மங்கலாக்கலாம், மவுஸ் சொடுக்கு அதை ஊடுருவிக் கீழே போகுமாறும் செய்யலாம். கணினி எவ்வளவு உழைக்கிறது என்று பார்க்க அந்தப் "பெர்போமன்ஸ்" பெட்டி காணும்.

விளையாட்டுகள் வாங்கும் ஸ்ரீமும், விளையாடிக்கொண்டே கதைக்க உதவும் டிஸ்கோர்ட்டின் பழைய மேல்பெட்டியும் முழுத்திரை விளையாட்டின் மேலேயே தெரிகின்றனவே, அவை எப்படி என்று கேட்பீர்கள். அவை மேசையில் கடதாசி வைப்பதில்லை. விளையாட்டு ஒரு படத்தை வரைந்து முடித்துத் திரைக்குக் கொடுக்கிற அந்த வாசலில் நின்று, தங்கள் பெட்டியையும் அதே படத்தின் மேல் வரைந்துவிட்டுப் போகவிடுகின்றன. இதற்காக விளையாட்டின் நினைவகத்துக்குள் நுழைய வேண்டியிருக்கிறது. கள்ள விளையாட்டைப் பிடிக்கும் காவல் மென்பொருள்களும் இதே நுழைவைத்தான் தேடித் திரிகின்றன. ஆகவே பெயர் தெரியாத மேல்பெட்டி மென்பொருளை இணைய விளையாட்டோடு ஓடவிட்டால் கணக்குத் தடைப்படும் ஆபத்து இருக்கிறது. மருமகனிடம் இதைச் சொன்ன பிறகு யூரியூப் ஆசை விட்டுப்போனது.

மக், லினக்ஸ்

மக் கணினியில் பச்சைப் பட்டனை அழுத்தினால் அந்த நிரல் தனி அறைக்குப் போய்விடும். மற்ற யன்னல்கள் பழைய அறையிலேயே நிற்கும். ஒப்ஷன் விசையைப் பிடித்தபடி பச்சைப் பட்டனை அழுத்துங்கள், அறை மாறாமல் யன்னல் மட்டும் பெரிதாகும். லினக்ஸில் தலைப்பட்டையில் வலச்சொடுக்கினால் "ஓல்வேய்ஸ் ஒன் ரொப்" பெரும்பாலும் இருக்கும். ஆனால் அங்கே நீங்கள் வேலை செய்துகொண்டிருக்கும் முழுத்திரை யன்னல் அதற்கும் மேலே போகக்கூடும். அப்போது முழுத்திரையை விட்டு, யன்னலைப் பெருப்பித்து மட்டும் வைப்பதுதான் சுருக்கு வழி.

கைபேசியில்: எச்சரிக்கையோடு

அன்ரொயிட்டில் ஒரு செயலி மற்றதின் மேல் மிதக்க உங்கள் அனுமதி வேண்டும். அன்ரொயிட் 6 தொடக்கம் இது நீங்களே போய்க் கொடுக்க வேண்டிய தனி அனுமதி. "செற்றிங்ஸ்", "அப்ஸ்", "ஸ்பெஷல் அக்செஸ்" என்று போனால் "டிஸ்பிளே ஓவர் அதர் அப்ஸ்" என்று இருக்கும். சாம்சங்கில் "அப்பியர் ஒன் ரொப்". மிதக்கும் நேரங்காட்டிச் செயலிக்கு அதைக் கொடுத்தால் பிடிஎப் மேலேயே நேரம் ஓடும்.

அந்தப் பட்டியலைத் திறந்த கையோடு வேறு யாருக்கெல்லாம் கொடுத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். எங்கள் அம்மாவின் போனில் ஒரு டோர்ச் லைட் செயலிக்கு அந்த அனுமதி இருந்தது. வெளிச்சம் காட்டுகிற சாமானுக்கு மற்றச் செயலிகளின் மேல் ஏறி நிற்க என்ன தேவை? வங்கிச் செயலியின் மேல் அச்சடித்த மாதிரிப் போலிப் பெட்டி ஒன்றை வைத்துக் கடவுச்சொல்லைக் கறப்பது இந்த அனுமதியால்தான். ஐபோனில் இந்த அனுமதியே இல்லை. காணொளியை மிதக்கவிடும் வசதி மட்டும் 2020 இல் வந்த ஐஓஎஸ் 14 தொடக்கம் உண்டு.

சொந்தமாக ஒன்று செய்ய விரும்புகிறவர்களுக்கு

உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் படிக்கிற பிள்ளைகள் என்றால் பைதனில் இதை ஒரு பின்னேரத்தில் எழுதலாம். விண்டோஸுக்கான பைதனோடு ரிகே-இன்ரர் என்ற நூலகம் கூடவே வரும். யன்னலை உருவாக்கி, இலக்கம் காட்டும் ஒரு லேபலை வைத்து, கீழே உள்ள விசயங்களைச் சேர்க்க வேண்டும்.

மேல்தட்டுக்கு அனுப்ப யன்னலின் "ரொப்மோஸ்ட்" பண்பை உண்மை என்று வையுங்கள். வேறு ஏதாவது மேலே ஏறினாலும் திரும்ப வரும்படி சில செக்கனுக்கு ஒருமுறை அதைத் திரும்பச் செய்யுங்கள். தலைப்பட்டையைக் கழற்ற "ஓவர்ரைட்-ரீடைரக்ட்" இருக்கிறது. கழற்றினால் மூடும் பட்டனும் போய்விடும், கீழ்ப் பட்டையிலும் பெயர் வராது. வலச்சொடுக்கினால் மூடும்படி முதலிலேயே எழுதிவிட்டுத்தான் கழற்றுங்கள். நான் மறந்துபோய், மூட முடியாத மணிக்கூட்டோடு நின்றிருக்கிறேன்.

பின்னணி தெரியாமல் இலக்கம் மட்டும் மிதக்க "ட்ரான்ஸ்பேரன்ற்-கலர்" என்று ஒரு நிறத்தைச் சொல்லலாம். விண்டோஸில் அந்த நிறமுள்ள இடம் கண்ணாடியாகும், சொடுக்கும் ஊடுருவும். இலக்கத்தின் ஓரத்தில் அந்த நிறம் மெல்லிய தும்பாகத் தெரியும் என்பதால் பச்சை, ஊதா என்று கடும் நிறம் எடுக்காதீர்கள். வினாத்தாள் வெள்ளை என்பதால் வெள்ளைக்குக் கிட்டிய நிறம் ஒன்றை எடுத்தால் தும்பு தெரியாது.

எல்லாவற்றிலும் கூடப் பிழை விடுவது நேரக் கணக்கில். ஒவ்வொரு செக்கனும் ஒன்றைக் கழித்துக்கொண்டு போனால் இரண்டு மணித்தியாலத்தில் மணிக்கூடு பிந்தத் தொடங்கும். "ஆப்ரர்" என்ற கட்டளைக்கு 1000 மில்லிசெக்கன் என்று கொடுத்தாலும் அது சரியாக 1000 இல் வந்து நிற்காது, கொஞ்சம் கொஞ்சம் சுணங்கும். தொடக்கத்திலேயே முடியும் நேரத்தைக் குறித்து வைத்து, ஒவ்வொரு தரமும் அதிலிருந்து இப்போதைய நேரத்தைக் கழித்துக் காட்டுங்கள். கோப்பின் பின்னொட்டில் பி, வை ஆகியவற்றோடு டபிள்யூவையும் சேர்த்தால் கூட வரும் கறுப்பு யன்னல் வராது.

சேருக்கு எழுதிக் கொடுத்ததில் கடைசிப் 10 நிமிடம் இலக்கம் சிவப்பாக மாறும்படி செய்திருந்தேன். முதல் நாள் சிவந்தவுடன் கொட்டிலில் இருந்த அத்தனை பெடியளும் வினாத்தாளை விட்டுவிட்டு மணிக்கூட்டையே பார்க்கத் தொடங்கினார்கள். சேர் பின்னால் திரும்பி என்னைப் பார்த்தார். அடுத்த கிழமை சிவப்பை எடுத்துவிட்டேன்.